சாரல்மீது போட்ட பழி

ரூட்டரைத் தரையில் வைக்கக் கூடாது. இரும்பு பீரோவின் மேலும் வைக்கக் கூடாது. வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், நான்கு பக்கமும் காற்றாட வைத்தால் பாதிப் புகார்கள் தாமாகவே தீர்ந்துவிடும். குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகும் சாலையில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கிய பெரும்பாலோர் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ரூட்டர் வாங்கினார்கள். நான் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆறு ஆன்டெனாக் கொம்பு இருந்தால் ஆறு மடங்கு வேகம் வரும் என்று நம்பி வருகிறவர்களிடம், கொம்பை எண்ணாதீர்கள், சுவரை எண்ணுங்கள் என்பேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி சொன்னால் சரியாக இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. நீங்கள் தட்டச்சு செய்து என் முன் வைத்திருக்கும் வாக்குமூலத்தில், என் மனைவி ரெங்கம்மாள் இறந்த அன்று எங்கள் வீட்டு பிராட்பேண்ட் வேலை செய்யவில்லை என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அது பிழை. தாயின் காரியத்துக்காக ராணுவத்திலிருந்து வந்த என் மகன் முத்துச்செல்வம், லைன் பார்க்கிற பாரூக்கை ஹெல்மெட்டால் அடித்தது அந்தப் பிழையை நம்பித்தான். பாரூக் தலையில் தையலோடு தென்காசி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். லைன் செத்ததால் தாய் செத்தாள், அந்த ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டது என்று நானும் சொன்னால் மகனுடைய வழக்கு இளகும் என்கிறீர்கள். உங்கள் இரக்கத்துக்கு நன்றி. ஆனால் பிழையான வாக்கியத்தின் கீழ் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அன்று எங்கள் லைன் நன்றாக இருந்தது. அந்த லைனையும் ரூட்டரையும் அமைத்தவன் நான்.

எங்கள் வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது. இரண்டடிக் கனத்தில் கருங்கல் சுவர்கள். உள்ளே நின்றால் எந்த மொபைலிலும் ஒரு கோடுகூடச் சிக்னல் நிற்காது. ஆகையால் வீட்டில் உள்ள எல்லாருடைய போனிலும், அழைப்புகள் வைஃபை வழியாகவே போய்வரும்படி அமைத்துக் கொடுத்தேன். ஃபைபர் வந்ததும் பழைய தொலைபேசியையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஒரு சொல் போகவேண்டுமானால் அது என் ரூட்டரைக் கடந்துதான் போகவேண்டும்.

அந்த ரூட்டரைத் தேர்ந்தெடுத்ததற்குச் சீசனும் ஒரு காரணம். சாரல் தொடங்கியதும் அருவிக்கு வருகிறவர்களுக்கு மாடியை வாடகைக்கு விடுவோம். வருகிறவர்கள் குளிப்பதைவிட அதிக நேரம் வீடியோ பார்க்கிறார்கள். எனவே ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக வேகத்தைக் குறைக்கவும், அடியோடு நிறுத்தவும் வசதியுள்ள ரூட்டராகப் பார்த்து வாங்கினேன். எல்லாவற்றையும் என் போனிலிருந்தே, எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். நிறுத்தப்பட்ட கருவி மீண்டும் இணைய முயன்றால் அதன் பெயர் என் திரையில் வரும். கீழே அனுமதி, மறுப்பு என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். சீசன்காரர்களின் வேகத்தை முதன்முதலில் குறைத்தபோது ஒன்றைக் கண்டுகொண்டேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. "சாரல்ல லைன் இப்பிடித்தான் இருக்கும் போல" என்று அவர்களாகவே சமாதானமானார்கள். இந்த ஊரில் மின்சாரம் போனாலும் பஸ் வராவிட்டாலும் பழி சாரலுக்குத்தான். அது மறுத்துப் பேசுவதில்லை.

என் மருமகள் மஞ்சு பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கெட்டிக்காரி. அவளுக்கு நான் நடு அறையை ஒதுக்கி, சுவரைத் துளைத்துத் தனிக் கேபிள் இழுத்துக் கொடுத்தேன். அவள் வேலை ஒரு நாளும் தடைப்பட்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆவணியில் அவளுடைய கம்பெனியில் ஒரு பெரிய பதவி காலியானது. கிடைத்தால் பெங்களூரில் குடியிருக்க வேண்டும். வீடியோவில் மூன்று சுற்று நேர்காணல். இராத்திரிச் சாப்பாட்டின்போது எங்களிடம் சொன்னாள்.

"கெடச்சா அத்தையையும் கூட்டிட்டுப் போயிருதேன் மாமா. படி ஏறுனாலே அவங்களுக்கு மூச்சு வாங்குது. அங்கன நல்ல டாக்டரா பாத்துக் காட்டலாம்."

"உங்க மாமாவுக்குச் சோறு?" என்றாள் ரெங்கம்மாள்.

"மாமாவும் வரட்டுமே. பெங்களூர்ல ரூட்டரே இல்லையாக்கும்?"

இருவரும் சிரித்தார்கள். நான் வரமாட்டேன் என்பது இருவருக்கும் தெரியும். நான் வராமலேயே ரெங்கம்மாள் போய்விடுவாள் என்பது, அவள் சிரித்த விதத்தில் எனக்குத் தெரிந்தது. ஒரு குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் அதன் ஆரோக்கியம் என்று கருதுகிறவன் நான். அதைக் காப்பதற்கு நான் குரலை உயர்த்தவில்லை. யாரையும் அடிக்கவில்லை.

முதல் சுற்று நடந்தபோது மஞ்சுவின் லேப்டாப்புக்கு வேகத்தைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. முகம் உறையும், குரல் துண்டு துண்டாகப் போகும், கேள்வி கேட்டவர்கள் பொறுமை இழப்பார்கள். அவள் வெளியே ஓடிவந்தாள்.

"மாமா, நான் பேசுதது அவங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குதாம். நெட் போச்சா?"

அவள் என் அருகில் வருவதற்குள் வேகத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். அவள் கண்முன்னேயே சோதித்துக் காட்டினேன். முழு வேகம்.

"அப்ப என் லேப்டாப்லதான் கோளாறா?"

"இருக்கலாம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேபிளை மாற்றினாள். நாற்காலியை மாற்றினாள். கம்பெனியிடம் மன்னிப்புக் கேட்டு மறுவாய்ப்பு வாங்கினாள். அதுவும் அப்படியே ஆனது, ஆனாலும் அவள் திறமையைப் பார்த்து இரண்டாம் சுற்றுக்கு அழைத்துவிட்டார்கள். தன் குரலில்தான் ஏதோ பழுது இருப்பதுபோல வீட்டிலும் மெதுவாகப் பேசத் தொடங்கினாள். கண்ணுக்குக் கீழே கருத்தது. நான் அக்கறையோடு கவனித்து வந்தேன். அவளே சலித்து விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் விடவில்லை, பாரூக்கை வரவழைத்தாள். அவன் ஃபைபர் முனையைக் கழற்றிக் கருவியில் பொருத்திப் பார்த்தான்.

"அண்ணாச்சி, லைட்டு அம்சமா வருது. நீங்க கட்டுன லைன்ல நான் என்னத்தக் குறை சொல்ல? ஏதோ குட்டிச்சாத்தான்தான் உள்ள பூந்திருக்கு. மதினி, செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டிட்டு வாங்க."

மஞ்சுகூடச் சிரித்தாள். ரெங்கம்மாள் சிரிக்கவில்லை. அவன் போன பிறகு எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"அந்தக் குட்டிச்சாத்தான் உங்க சட்டைப் பையிலதான இருக்கு?"

நான் காப்பியை ஆற்றினேன்.

"அந்தப் பிள்ளை போவட்டுங்க. என்னையும் விடுங்க. நான் ஒண்ணும் ஓடிப் போயிர மாட்டேன். நெஞ்சைக் காட்டிட்டு வந்திருதேன்."

நான் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஒன்றை இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. எங்கள் இல்லறம் சச்சரவின்றி நடந்ததற்கு அது முக்கியமான காரணம்.

இரண்டாம் சுற்றில் மஞ்சு எனக்குத் தெரியாமல் மாமியாரின் போனை வாங்கி அதில் பேசினாள். தேறிவிட்டாள். யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் சுற்று ஐப்பசியில், அடைமழை நாளில் வந்தது. செங்கோட்டையில் எனக்கு ஒரு கல்யாணம். ரெங்கம்மாள் மூச்சு முட்டுகிறது என்று வரவில்லை. பந்தியில் உட்காருவதற்கு முன் மஞ்சுவின் லேப்டாப், மஞ்சுவின் போன், ரெங்கம்மாளின் போன் ஆகிய மூன்றையும் நிறுத்தினேன். குறைக்கவில்லை, நிறுத்தினேன். வீட்டின் மற்ற இணைப்பெல்லாம் முழு வேகத்தில் இருந்தது. நெட்டில் ஓடும் தொலைக்காட்சிகூட ஓடிக்கொண்டிருந்ததாக மஞ்சு பிறகு சொன்னாள்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். நேர்காணலுக்கு உட்கார்ந்தவள், அடுப்படியில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டுப் போயிருக்கிறாள். ரெங்கம்மாள் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். மஞ்சு தன் போனில் நூற்றெட்டை அழைத்துப் பார்த்தாள். போகவில்லை. லேப்டாப்பிலிருந்து எனக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தாள். அதுவும் போகவில்லை. அப்போது ரெங்கம்மாள்தான் அவளைத் துரத்தியிருக்கிறாள்.

"ஏட்டி, நீ ரோட்டுக்கு ஓடு. அங்கன சிக்னல் கிடைக்கும். நான் உங்க மாமாவைக் கூப்பிட்டுக்கிடுதேன்."

மஞ்சு மழையில் ஓடினாள். சீசன் முடிந்துவிட்டதால் கடைகள் அடைத்துக் கிடந்தன, ஆட்டோ இல்லை. வளைவு தாண்டித்தான் சிக்னல் கிடைத்தது. ஆம்புலன்ஸ் வந்து, ஏற்றி, தென்காசி போய்ச் சேருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் அழைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நானும் அருகில் நின்றேன்.

நான் வீடு திரும்புவதற்கு முன் மூன்று கருவிகளையும் விடுவித்துவிட்டேன். "நெட் இல்லாமப் போச்சு மாமா" என்று மஞ்சு அழுதாள். மழையில் லைன் போயிருக்கும் என்று வந்தவர்கள் சொன்னார்கள். நான் தலையசைத்தேன். என் பங்கில் பொய் அந்த ஒரு தலையசைப்பு மட்டும்தான். அதைத் திருத்தத்தான் இப்போது பேசுகிறேன். பாரூக் மட்டும், "சத்தியமா அன்னைக்கு லைன் கட் ஆகலைண்ணே" என்று முத்துச்செல்வத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னானாம். உண்மையைச் சொன்னதற்காக அடிவாங்கினான்.

வீட்டில் அப்படி ஒரு நிலை என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். நோய் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: இலையில் சோறு விழுந்ததும் மஞ்சுவின் பெயர் என் திரையில் வந்தது, மறுத்தேன். பலமுறை வந்தது, மறுத்தேன். பிறகு அவள் போன் வீட்டின் எல்லையைத் தாண்டிவிட்டதாகக் காட்டியது. சிக்னல் தேடி ரோட்டுக்குப் போகிறாள், அதற்குள் நேர்காணல் முடிந்துவிடும் என்று கணக்கிட்டேன். அப்படியானால் வீட்டுக்குள் இருந்தது ஒரே ஒருத்தி. அதன் பின்பு ரெங்கம்மாள் என்ற பெயர் வந்தது. அவள்தான் என்னை அழைக்கிறாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மருமகளுக்காகப் பரிந்து பேச வருகிறாள் என்று முடிவு செய்து மறுப்பை அழுத்தினேன். மீண்டும் வந்தது. வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் முறை கேட்கிறாளே என்று சற்று வருத்தமாக இருந்தது. அதையும் மறுத்தேன்.

மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. நான் வாய் திறக்காமலே என் மனம் அறிந்து நடக்கிறவள் என்ற நிறைவோடு, பரிமாறுகிறவரை அழைத்து இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னேன்.