வெயில் படாத சுவர்

— அதெல்லாம் இருக்கட்டும் மேஸ்திரி. வெயில் அடிச்சா கலர் போகும்னு சொல்றீங்க, சரி, ஒத்துக்கிறேன். வெயிலே எட்டிப் பாக்காத சுவத்துல எப்படிப் போச்சு? எனக்கு அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

— சொல்றேன் சார், அதுக்குத்தானே கூப்பிட்டீங்க. முதல்ல வீட்டை ஒரு சுத்து சுத்தி வந்துடுவோம். முன்பக்கம் பாத்தாச்சு. இதோ பாருங்க சார், இந்த மேற்குப் பக்கம்...

— மேற்குப் பக்கத்தை நான் கேக்கவே இல்லையே.

— கேக்கலைன்னாலும் பாருங்க சார். மத்தியானம் ஒரு மணியிலிருந்து பொழுது சாயற வரைக்கும் வெயில் இது மேலதான் படுத்துக் கெடக்குது. அதான் மொத்தமா வெளுத்துப் போச்சு. ஆனா மேல சன்ஷேடுக்குக் கீழ ஒரு முழம் மட்டும் அன்னைக்கு அடிச்ச மாதிரியே இருக்கு. நெழல் விழுற இடம். அதுவும் இதுவும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறதாலதான் திட்டுத் திட்டா தெரியுது. பெயிண்டு ஒண்ணுதான் சார், வெயில்தான் வேற வேற.

— அதுவும் புரியுது. எனக்கும் கண்ணு இருக்கு.

— அதுலயும் இது கத்திரிப்பூ கலரு. நான் அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வெளிச் சுவருக்குக் காவி, சந்தனம், சாம்பல்னு மண்ணு சாயல்ல எடுத்துக்குங்க, வருஷக்கணக்குல நின்னு பேசும். இந்தக் கத்திரிப்பூ, ரோஸு எல்லாம் கலர் கார்டுல பாக்க நல்லா இருக்கும், வெயில்ல நிக்காதுன்னு. யாரு கேட்டா?

— என்னை ஏன் பாக்கிறீங்க? கத்திரிப்பூதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது இதோ நிக்கிறாளே, இந்த மகராசி. எங்கிட்ட கேட்டிருந்தா சாம்பல்தான் சொல்லியிருப்பேன்.

— ஆமா, நான்தான் கேட்டேன். ரெண்டு வருஷமா அதையே சொல்லிக் காட்டுங்க. கடவுளே, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அந்த மனுஷனை வீட்டைச் சுத்தி இழுத்தடிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? வெளுத்தா வெளுத்துட்டுப் போகுது. யாரு வந்து நம்ம வீட்டுச் சுவத்துக்குப் பரிசு குடுக்கப் போறாங்க? விடுங்களேன்.

— விடறதா? இருபத்தாறு வருஷமா பாக்டரியில பழுது கண்டுபிடிக்கிறதுதான் என் பொழப்பு. காரணம் தெரியாம ஒரு பழுதை மூடி மறைச்சா அது மறுபடி வரும். வாங்க மேஸ்திரி, சமையல்கட்டுப் பக்கம். பாத்து வாங்க, சந்து குறுகல்.

— பரவாயில்ல சார். நான் சாரம் கட்டி நின்ன சந்துதானே.

— இப்ப சொல்லுங்க. இது வடக்கு. எதிர்ல நாலடியில பக்கத்து வீட்டு மதில். வெயிலுக்கு வழியே இல்ல. மேல பாருங்க, கத்திரிப்பூ கத்திரிப்பூவாவே இருக்கு. கீழ? இந்தக் குழாய்க்கு அந்தாண்ட ஆறடி நீளம், தரையிலிருந்து ரெண்டரை அடி உயரம். மோர் ஊத்தின மாதிரி வெளுத்துக் கெடக்கு. இங்க மட்டும் ஏன்?

— ம்.

— என்ன ம்?

— பாத்துக்கிட்டிருக்கேன் சார்.

— ஏங்க, அது ஈரமா இருக்கும்ங்க. குழாய்த் தண்ணி சொட்டிச் சொட்டி...

— உன்னை யாரு கேட்டா? பெயிண்டு அடிச்சவரு சொல்லட்டும். நீ இங்க வந்ததிலிருந்து ஏன் இந்தச் சுவத்தை மறைச்சுக்கிட்டே நிக்கிற? கொஞ்சம் தள்ளு.

— சார், அன்னைக்கு மிஞ்சின பெயிண்டு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? டப்பாவுல நம்பர் போட்டிருக்கும். அதைப் பாத்தா ஒரு முடிவுக்கு வந்துடலாம்.

— இருக்கு. மொட்டை மாடி ரூம்ல எல்லாத்தையும் அடுக்கி வச்சிருக்கேன். இங்கேயே நில்லுங்க, எங்கயும் போயிடாதீங்க, எடுத்துட்டு வரேன்.

— மெதுவா வாங்க சார். ஒண்ணும் அவசரம் இல்ல... ஏம்மா, அவரு மேல ஏறிட்டாரா?

— ஏறிட்டாரு. ஏன்?

— இது வெயிலு தின்ன கலரு இல்லம்மா. பிரஷ்ஷு தின்ன கலரு.

— ஐயோ, மெதுவா பேசுங்க!

— வட்டம் வட்டமா தேச்ச தடம் தெரியுது. ஒரு நாள் ரெண்டு நாள் தேச்சதும் இல்ல. எவ்வளவு பாடுபட்டு அடிச்ச சுவரு தெரியுமா? கழுவி, ரெண்டு நாள் காயப் போட்டு, பிரைமர் அடிச்சு, அது காஞ்சப்புறம் ரெண்டு கோட்டு பெயிண்டு. அதை ஏதோ பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேச்சு வச்சிருக்கீங்களே!

— உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

— தேச்சேன்னு சொன்னா என்ன, கொன்னா போடுவாரு? அழுக்கா இருந்துச்சு, தேச்சேன்னு சொல்லிட்டுப் போங்க.

— என்ன அழுக்கு, எப்படி வந்துச்சு, ஏன் ரெண்டரை அடிக்கு மேல வரலைன்னு கேப்பாரே. அவரை உங்களுக்குத் தெரியாதா? பேரன்ங்க. எம்மக புள்ள. மூணரை வயசு. சாக்பீஸ் கையில கெடச்சா போதும், சுவத்தைத் தேடி ஓடுவான்.

— அட, பேரன் கிறுக்கினதுக்கா இவ்வளவு பயம்?

— அவன் இந்த வீட்டுக்கு வர்றதே இவருக்குத் தெரியாது. எம்மக புருஷனை விட்டுட்டு வந்து ஒரு வருஷம் ஆச்சு. கை நீட்டுற ஆளு அவன், எத்தனை நாள்தான் வாங்கிக்கிட்டே இருப்பா? இவரு, "திரும்பிப் போற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே"ன்னுட்டாரு. ஒரே வார்த்தைதான். அவளும் இவரு மகதானே, அதே வீம்பு. ரெண்டு தெரு தள்ளி ஒரு ரூம் எடுத்துக்கிட்டு மருந்துக் கடை வேலைக்குப் போறா. வாரத்துல மூணு நாள் புள்ளைய இங்க விட்டுட்டுப் போவா. இவரு வர்றதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடுவா.

— மத்த நாளு?

— பக்கத்து ரூம்காரம்மா பாத்துக்கிறாங்க. அவங்களும் எவ்வளவுதான் செய்வாங்க? இது இவருக்குத் தெரிஞ்சு புள்ளைய விடக் கூடாதுன்னுட்டா அவ வேலை போச்சு. வேலை போனா வாடகை குடுக்க முடியாது. மறுபடி அடி வாங்குற வீட்டுக்கேதான் போகணும். நீங்களே சொல்லுங்க, சுவரு பெருசா, அவ பெருசா?

— என்னம்மா இப்படி மாட்டி விடுறீங்க! இந்தத் தெருவுல எனக்கு இன்னும் ஏழு வீடு பேசியிருக்கு. எல்லாம் சாரு சொல்லித்தான் வந்துச்சு. எம்மேல தப்புன்னு அவரு ஒரு வார்த்தை விட்டா ஏழும் காலி.

— தெரியுதுங்க. நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு உங்களைக் கேக்கிறது...

— அழாதீங்க, அவரு எறங்குறாரு. நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்கிறேன். நீங்க வாயைத் தொறக்காம இருந்தா போதும்.

— இந்தாங்க மேஸ்திரி. ஆறு பக்கெட்டு மூடியும் இருக்கு, மிச்சப் பெயிண்டும் இருக்கு. ஆறுலயும் ஒரே நம்பர். நல்லாப் பாத்துக்குங்க.

— ஆமா சார். ஆனா பாருங்க சார், நம்பர் ஒண்ணா இருந்தாலும் சில நேரம் பக்கெட்டுக்குப் பக்கெட்டு ஒரு சாயல் மாறும்...

— மாறும்னுதானே ஆறையும் ஒரே டிரம்முல ஊத்திக் கலக்கி அடிச்சீங்க? நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். இப்படிச் செஞ்சாத்தான் சுவத்துக்குச் சுவரு வித்தியாசம் வராதுன்னு நீங்களே எனக்குப் பாடம் எடுத்தீங்க.

— எடுத்தேன் சார்.

— அப்ப அது இல்ல. அடுத்தது?

— தரையிலிருந்து ஈரம் ஏறியிருக்கும் சார். உள்ள இருக்கிற உப்பு வெளியில பூத்து கலரை அரிச்சிடும். கீழ்ப் பாகத்துல மட்டும் வெளுக்கிறதுக்கு அதான்...

— கையை வைங்க. வைங்க சொல்றேன். மாவு மாதிரி ஒட்டுதா? தோல் உரியுதா? காஞ்ச கட்டை மாதிரி இருக்கு. ஈரம் ஏறினா குழாய்க்கு இந்தாண்டயும்தானே ஏறணும்? கணக்கு உதைக்குதே.

— அப்ப இந்த இடத்துல மட்டும் புதுசா சிமெண்டு பூசியிருப்பாங்க சார். புதுப் பூச்சு நல்லாக் காயறதுக்குள்ள அடிச்சா அந்தக் காரம் கலரைத் தின்னுடும்.

— வீடு கட்டிப் பதினெட்டு வருஷம். இந்தப் பக்கம் கொத்தனார் கரண்டி படவே இல்ல.

— மழைத் தண்ணி தரையில விழுந்து தெறிச்சு...

— மழை என்ன டேப்பு வச்சு ஆறடி அளந்துட்டா தெறிக்கும்?

— ஏங்க, நாயா இருக்கும்ங்க! ஏதாவது நாய் வந்து உரசியிருக்கும்.

— நம்ம வீட்ல ஏது நாய்?

— தெரு நாய்.

— கேட்டு பூட்டிக் கெடக்கு. மதிலேறிக் குதிச்சு, சமையல்கட்டுப் பக்கமா வந்து, இந்த ஆறடியில மட்டும் உரசிட்டு, மறுபடி ஏறிக் குதிச்சுப் போகுதா? வேற சோலியே இல்லாத நாயா இருக்கும் போல.

— எதுக்கெடுத்தாலும் நக்கல். இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?

— காரணம் வேணும். ஒண்ணே ஒண்ணு. வெயில்னா வெயிலுக்குத் தாங்குற கலர் போடலாம். ஈரம்னா முதல்ல ஈரத்தை நிறுத்தலாம். என்னன்னே சொல்லாம மென்னு முழுங்கினா நான் எதை நிறுத்துறது? இன்னைக்கு மறுபடி அடிப்போம், அடுத்த வருஷம் மறுபடி இதே இடம் பல்லைக் காட்டும். ரெண்டு பேருமா சேந்து என்னை என்ன மாங்கா மடையன்னு நெனச்சுட்டீங்களா?

— சார், கோவப்படாதீங்க. நானே சொல்லிடறேன். தப்பு என்னுதுதான்.

— உங்களுதா?

— தண்ணி சார். அளவா ஊத்தணும். இந்தப் பக்கம் வந்தப்போ பெயிண்டு பத்தாம போயிடுமோன்னு கையில வந்த மட்டும் ஊத்திட்டேன். தண்ணி கூடிப் போனா கலருக்குப் பிடிமானம் இருக்காது. சீக்கிரமே வெளுத்துடும்.

— பத்தாம போயிடுமோன்னா? இதோ என் கையில இருக்கிற டப்பாவுல கால்வாசி மிச்சம் நிக்குது. ஆட்டிக் காட்டட்டுமா?

— அப்ப... ரெண்டு கோட்டுக்குப் பதிலா ஒரு கோட்டோட விட்டிருப்பேன் சார். பின்பக்கம்தானே, யாரு பாக்கப் போறான்னு.

— நீங்க? ஒரு கோட்டோட விட்டீங்க?

— ஆமா சார்.

— மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, காக்கா கூட பாக்காத இடத்துல ரெண்டு கோட்டு அடிச்ச ஆளு, இங்க ஒரு கோட்டோட விட்டீங்க. சரி. தெருவுல நான் சொல்லி உங்ககிட்ட வேலை பேசின ஏழு வீட்டுக்காரங்களையும் கூப்பிடறேன். இதே வார்த்தையை அவங்க முன்னாடி சொல்றீங்களா?

— சொல்றேன் சார்.

— யோசிச்சுச் சொல்லுங்க மேஸ்திரி. அப்புறம் இந்தத் தெருவுல ஒருத்தன் உங்களை ஒரு ஜன்னலுக்குக் கூட கூப்பிட மாட்டான்.

— கூப்பிடுங்க சார். சொல்லிடறேன்.

— போதும்! நிறுத்துங்க ரெண்டு பேரும்! அந்த மனுஷன் ஏன் பழி சொமக்கணும்? நான்தான் தேச்சேன். இந்தக் கையாலதான் தேச்சேன். போதுமா?

— அம்மா, சும்மா இருங்கம்மா...

— நீங்க விடுங்கண்ணே. எத்தனை நாளைக்கு? உங்க பேரன் கிறுக்கினதைத்தான் தேச்சேன். ஆமா, இங்கதான் வர்றான். வாரத்துல மூணு நாள் வர்றான், இந்தச் சந்துல உக்காந்து விளையாடுறான், இங்கதான் சோறு திங்கிறான். அவன் அம்மா வேலைக்குப் போகணும். போகலைன்னா அந்த அடிகாரன் வீட்டுக்குப் போகணும். போக விடமாட்டேன். நீங்க வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னது அவளைத்தானே? அவ மிதிக்கலை. வெளி கேட்டுக்கிட்டயே நின்னு புள்ளைய உள்ள அனுப்பிட்டுப் போயிடுவா, திரும்ப வந்து அதே கேட்டுக்கிட்டயே நின்னு வாங்கிட்டுப் போவா. ஒரு வருஷமா எம்மக மூஞ்சிய நான் அந்த அஞ்சு நிமிஷந்தான் பாக்கிறேன். நாளைக்கும் அவன் வருவான். தடுக்கணும்னா லீவு போட்டுட்டு வந்து நீங்களே நின்னு தடுத்துக்குங்க.

— சார், நான் அப்புறமா வரேன். இது குடும்ப விஷயம்...

— நில்லுங்க மேஸ்திரி, நீங்க எங்க கெளம்பிட்டீங்க? சுவத்துக்கு இன்னும் வழி சொல்லலையே. ஏய், எதைப் போட்டுத் தேச்ச?

— என்னது?

— காது கேக்கலையா? எதைப் போட்டுத் தேச்சேன்னு கேக்கிறேன்.

— நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்க என்ன கேக்கிறீங்க! பிளீச்சிங் பவுடர். பாத்ரூம் கழுவுற பிரஷ்ஷு. அஞ்சரைக்கு அவன் போவான், ஆறுக்கு நீங்க வந்து நிப்பீங்க. அரை மணி நேரத்துல தடம் தெரியாம போகணுமே, வேற எதைப் போடுவேன்?

— பிளீச்சிங் பவுடரா! யாராவது சாக்பீஸுக்குப் போய் பிளீச்சிங் பவுடர் போடுவாங்களா? அவன் ஒவ்வொரு தடவையும் போறப்ப கேட்டுத் தூண்லயும்தான் கிறுக்கிட்டுப் போறான், நான் வண்டிப் பெட்டியில ஒரு பாட்டில் சோப்புத் தண்ணியும் பழைய பனியனும் வச்சுக்கிட்டு, உள்ள வர்றதுக்கு முன்னாடி தொடச்சுட்டுத்தான் வரேன், போய்ப் பாரு, ஒரு பொட்டுக் கலர் போயிருக்கான்னு!