மூட்டைக்குத் தட்டு வச்சது யாரு?

— கையை எடுங்க, நான் பிடிச்சுக்கறேன். அடேங்கப்பா! போன தடவை பார்த்ததைவிட ஒரு சுத்து பெருத்திருக்கே! இது முயலா, கன்னுக்குட்டியா? யாரு தூக்கிட்டு வந்தீங்க?

— நான்தான் டாக்டர். துணி மூட்டை தூக்கித் தூக்கிப் பழகின இடுப்பு. இவனுக்கு மூட்டைன்னு பேர் வச்சதே அதனாலதான்.

— ஆட்டோவுல இருந்து வாசப்படி வரைக்கும் பின்காலை நான் தாங்கிக்கிட்டே வந்தேன் மேடம். அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க.

— பின்காலை அவங்கதான் தாங்கினாங்களாம், கேட்டுக்குங்க டாக்டர்.

— என்ன இது, பக்கத்துல பக்கத்துல நின்னுக்கிட்டு என் வழியா பேசறீங்க? ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிதானே?

— கூடப் பிறந்தவங்கதான் மேடம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பேச்சுவார்த்தைதான் இல்ல.

— போன மாசத்துல இருந்து, டாக்டர்.

— நல்லது. வீட்டுச் சண்டையை அப்புறம் பார்ப்போம். வலிக்கு ஊசி போட்டிருக்கேன். ஆனா வயிறு கல்லு மாதிரி இருக்கு. முயலுக்குக் குடல் அசைஞ்சுக்கிட்டே இருக்கணும், நின்னுடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து. இப்படி மெதுவா நீவி விடுங்க, அழுத்தக் கூடாது. தானா வாயைத் திறந்து ஏதாவது சாப்பிடணும். அதுவரைக்கும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.

— பிழைச்சுக்குவானா டாக்டர்?

— பார்ப்போம். கழுத்துல டேப்போடவே வந்துட்டீங்களே, அதைக் குடுங்க. வயித்தைச் சுத்தி அளந்து வச்சுக்கறேன். ஏறுதா இறங்குதான்னு தெரியும்.

— மெஷின்ல இருந்து அப்படியே எழுந்து ஓடி வந்தேன். ஸ்கூல் சட்டைக்குக் காலர் வச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தா மூலையில குன்னிக்கிட்டு உக்காந்திருக்கான், பல்லை நறநறன்னு கடிக்கிறான். அப்படியே அள்ளிக்கிட்டேன் டாக்டர். மேல் வீட்டுப் பையனை விட்டு ஆஸ்பத்திரி கேண்டீனுக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன், அவங்களுக்கு.

— அடுப்பை அணைக்கச் சொல்லிட்டு அப்படியே ஓடி வந்தேன் மேடம், சத்தியமா. நூறு பேரு சாப்பாடு அங்க என்ன கதியோ.

— சரி, இப்போ ஒளிக்காம சொல்லுங்க. இவன் என்ன சாப்பிடறான், எவ்வளவு சாப்பிடறான்? பெரியவங்க முதல்ல.

— நீங்க சொன்ன அளவுதான் டாக்டர். காய்ஞ்ச புல்லு நாள் முழுக்க, அவன் இஷ்டத்துக்கு. பச்சை இலை காலையில ரெண்டு கப், சாயங்காலம் ரெண்டு கப். முள்ளங்கி இலை, கொத்தமல்லி, லெட்டூஸ். கழுவி, உதறி, நறுக்கி, அமுக்காம அளந்து வைக்கறேன். தண்டை அரை அங்குலத்துக்கு மேல விட்டதில்ல. கேரட்டு சுண்டுவிரல் நுனி அளவு, அதுவும் என்னிக்காவது. பெரிய ஜாதி முயலாச்சே, பாவம்னு ஒரு இலை கூடுதலா வச்சதில்ல.

— ரொம்ப சரி. எல்லாரும் கோட்டை விடற இடமே அதுதான். உடம்பு பெருசா இருக்கு, கூடை கூடையா கொட்டுவோம்னு கொட்டிடறாங்க. இலை ருசியா இருக்கா, அதுலயே வயித்தை ரொப்பிக்கிட்டு புல்லை மறந்துடும். புல்லு உள்ள போகலைன்னா குடலுக்கு வேலை இல்ல, பல்லுக்கும் தேய்மானம் இல்ல. நீங்க சொல்ற அளவுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அப்புறம் எப்படி...

— மேடம், ஒரு நிமிஷம். அவங்க எங்க வைக்கறாங்க? நான்ல வைக்கறேன்!

— என்னது?

— சத்தியமா மேடம்! காலையில கேண்டீனுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு கப், நீங்க சொன்ன கணக்குதான். இருட்டுல எழுந்து, லைட்டைக்கூடப் போடாம, பொடிப்பொடியா அரிஞ்சு வச்சுட்டுத்தான் போவேன். சாயங்காலம் வந்ததும் இன்னொரு ரெண்டு கப்.

— கேட்டுக்குங்க டாக்டர், நல்லா இருக்கு கதை! நான் எழுந்து வரும்போது தட்டு தொடைச்சு விட்ட மாதிரி இருக்கும். ஒரு இலை இருக்காது. மூட்டை பசியில அந்தத் தட்டைப் பல்லால தூக்கித் தூக்கி அடிப்பான். பெத்த புள்ளை மாதிரி வளர்த்த உசுரைப் பட்டினி போட்டுட்டுப் போறாங்களே, இவ்வளவு கல்நெஞ்சா போச்சான்னு அழுதுக்கிட்டே நறுக்குவேன்.

— நான் சாயங்காலம் வந்து பார்த்தாலும் அப்படியேதான் மேடம் இருக்கும்! தட்டு காலி. என்னைப் பார்த்ததும் காலைத் தரையில தட்டுவான், ஓடி வந்து முட்டுவான். என்மேல இருக்கற கோபத்தை வாயில்லாத ஜீவன்கிட்டக் காட்டறாங்களேன்னு எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

— அந்த நேரம் நான் கடைக்குத் துணி குடுக்கப் போயிருப்பேன், டாக்டர். வச்சுட்டுத்தான் போவேன்!

— ஆக, ரெண்டு பேரும் அளவு தப்பாம வச்சிருக்கீங்க. ரெண்டு பேரும் வச்சிருக்கீங்க.

— திருட்டுப்பய!

— ஏமாத்திட்டான் மேடம்!

— ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு உங்க ரெண்டு பேரு கண்ணுலயும் மண்ணைத் தூவியிருக்கான். ஆனா ஒண்ணு கேக்கறேன், இலை எங்க இருந்து வருது? ஃபிரிட்ஜுல இருக்கறது குறைஞ்சா தெரியாதா?

— மேல்தட்டு அவங்களுது, கீழ்தட்டு என்னுது மேடம். நான் கேண்டீனுக்கு வர்ற கீரைக்காரர்கிட்ட வாங்குவேன்.

— நான் தெருவுல வர்ற வண்டியில. அடுத்தவங்க தட்டை எட்டிப் பார்க்கற பழக்கம் எனக்கில்ல, டாக்டர்.

— அந்தப் பை என்ன?

— இன்னிக்குத் தட்டுல மிஞ்சினது. நீங்க பார்க்கணும்பீங்கன்னு அப்படியே கொட்டி எடுத்துக்கிட்டு வந்தேன். காலையில தட்டுல இலை கிடந்துச்சு. நேத்து சாயங்காலம் நான் வச்சதுல மிச்சம்னு நினைச்சு, அதுமேலயே புதுசு வச்சேன்.

— நல்லது. டேபிள்ல கொட்டுங்க. இங்க பாருங்க, இந்த இலையோட ஓரம் கத்தரியில வெட்டினது. ஒரே நேர்கோடு. துணி வெட்டற கை. இது கத்தியில அரிஞ்சது, நூல் நூலா. எல்லாம் ஒரே பருமன். சமையல்காரக் கை. இவ்வளவு வருஷத்துல எத்தனையோ பேர் மிருகத்தைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. முக்கால்வாசிப் பேரு நான் சொன்னதுல பாதியைத்தான் செய்வாங்க. ஒரு முயலுக்காக இப்படி உக்காந்து அரிஞ்சவங்களை நான் பார்த்ததே இல்ல.

— அந்த வெட்டைப் பாருங்களேன் டாக்டர். இருட்டுல வெட்டினதாம். சின்ன வயசுல வெங்காயம் உரிக்கவே அழுவாங்க.

— இங்க ஒரு தண்டுகூட அரை அங்குலத்தைத் தாண்டலையே மேடம். டேப் வச்சே அளந்திருப்பாங்க. எங்க கேண்டீன்ல நான் தினமும் கத்தறேன், ஒருத்தருக்கும் இந்த நேர்த்தி வராது.

— இதை அவங்க மூஞ்சியைப் பார்த்துச் சொன்னா என்ன?

— இப்படி நீவினாச் சரியா டாக்டர்?

— சரி, விடுங்க. நீவறதை நிறுத்தாதீங்க. இடது பக்கம் பெரியவங்க, வலது பக்கம் சின்னவங்க. அப்படி என்னதான் சண்டை?

— கப்பல்ல சமையல் வேலை கிடைச்சிருக்கு மேடம். வாரக் கடைசியில கிளம்பணும். போனா ஆறேழு மாசம் கடல்லதான்.

— நல்ல விஷயம்தானே? பெரியவங்களுக்குப் பிடிக்கலையா?

— அந்த நல்ல விஷயத்தை எனக்கு யார் சொன்னது தெரியுமா டாக்டர்? மேல் வீட்டம்மா. மாடிப்படியில நிறுத்தி, 'தங்கச்சி கப்பலுக்குப் போகுதாமே, உங்களுக்கு ஆள் துணைக்கு யாரு'ன்னு கேக்கறாங்க. பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். ஊருக்கெல்லாம் தெரிஞ்சு, கூட இருக்கறவளுக்குத் தெரியலைன்னா அந்த வலி எப்படி இருக்கும்?

— சொல்ல வாய் வரல மேடம். அவங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாப் போதும், நான் போக மாட்டேன். அது எனக்கே தெரியும். அதான் தள்ளிப்போட்டேன். தெரிஞ்சதும் 'போறவங்க போகட்டும்'னு ஒரே வார்த்தை. அதோட சரி. ராத்திரி எல்லாம் மெஷினை மிதிக்கிறாங்க. முன்னெல்லாம் விளக்கு வச்சதும் மூடி வச்சுடுவாங்க. நான் தூங்கக் கூடாதுன்னே கடகடகடன்னு...

— நிறைய வேலை இருந்துச்சு, டாக்டர்.

— ஸ்கூல் திறந்து எவ்வளவு நாளாச்சு மேடம், இப்போ என்ன ராத்திரி வேலை? எல்லாம் கோபம். அந்தக் கோபத்துல மூட்டையைப் பட்டினி போட்டுடுவாங்கன்னு பயந்துதான் எங்க சூப்பர்வைசர் வீட்டுல விடலாம்னு கேட்டு வச்சிருக்கேன்.

— ஐயோ! அந்த வீட்டுல நாய் இருக்கு டாக்டர்! என் மூட்டையை நாய் இருக்கற வீட்டுக்கா?

— உங்க மூட்டையா? உள்ளங்கை அகலம் இருந்தப்போ என் சட்டைப் பையில போட்டுக் கொண்டு வந்தது நான்!

— இருங்க, இருங்க. டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க. ம். ஏறல. இறங்கவும் இல்ல.

— அப்படின்னா?

— அப்படின்னா காத்திருக்கணும். அந்தப் புல்லுல ஒரு தாளை எடுத்து மூக்குக்கிட்டக் காட்டுங்க. இலை வேண்டாம். புல்லு மட்டும்.

— மூட்டை, கண்ணு, வாயைத் தொறடா. இனிமே உன்னைத் திருட்டுப்பயன்னு சொல்லல. தட்டை எவ்வளவு வேணா அடி.

— ஒரு தடவை கடிடா ராஜா. உன்னை எங்கயும் விட மாட்டேன். சத்தியமா நான் கப்பலுக்கே போகல, போதுமா? மேடம், எழுதிக் குடுத்துடறேன், நான் போகல. இவன் பிழைச்சாப் போதும்.

— ஷ்! மீசை ஆடுது பாருங்க.

— மோந்து பார்க்கறான்...

— கடிச்சுட்டான்! மேடம், கடிச்சுட்டான்!

— கேக்குதா அந்தச் சத்தம்? கறுக் கறுக்னு. இன்னொரு தாள் குடுங்க. இழுக்கறான் பார்த்தீங்களா, என்ன பலம்! பெரிய உடம்புக்குப் பெரிய மனசு. கீழயும் பாருங்க.

— புழுக்கை! டாக்டர், புழுக்கை போட்டுட்டான்!

— அழாதீங்க ரெண்டு பேரும். புழுக்கைக்கு அழுதவங்களையும் இன்னிக்குத்தான் பார்க்கறேன். நல்லது, கண்டம் தாண்டியாச்சு. ரெண்டு நாளைக்குப் புல்லும் தண்ணியும்தான். அதுக்கப்புறம் ஒரு பிடி இலையில ஆரம்பிச்சு, மெதுவா பழைய அளவுக்கு வரணும். ஆனா ஒண்ணு, இனிமே தட்டு வைக்கறது ஒரு கைதான். யாரு?

— நான்தான் மேடம். அதான் சொன்னேனே, நான் போகல.

— அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க டாக்டர்.

— இனி அளக்க வேண்டாம், வயிறு தானா இறங்கிடும்.

— அவனுக்கு இல்ல டாக்டர். ஏய், இங்க திரும்பு. கையை நீட்டு. ராவெல்லாம் மிதிச்சு உன் கப்பல் சமையலுக்கு மூணு வெள்ளைக் கோட்டு தச்சு வச்சிருக்கேன், கை நீளம் மட்டும்தான் பாக்கி.