கை மாறாத சாவி

ஓரின்: இது... இது என் ஜீப் சாவியாச்சே.

டெல்ஃபா: ஆமா. எதுக்க நிக்கறது என் தம்பி லமாரோட ட்ரக்.

ஓரின்: லமார்கிட்ட நான் குடுக்கவே இல்லையா?

டெல்ஃபா: அவன்கிட்ட வாங்கவும் இல்ல.

ஓரின்: காலைல எவ்வளவு தெளிவாப் பேசினோம்! அவனும் அவன் பொண்டாட்டி மார்வாவும் பள்ளத்தாக்குல இந்தக் கீழ்ப்பக்கமா ஏறணும், நாம மேல இருந்து இறங்கணும், நடுவுல பார்த்து சாவிய மாத்திக்கிட்டு, அந்தந்த முனைல நிக்கற வண்டிய எடுத்துக்கணும்னு...

டெல்ஃபா: பார்த்தோமே. குட்டை ஓரத்துல. முக்கால் மணி நேரம்.

ஓரின்: அப்ப நான் என்னதான் பண்ணிட்டிருந்தேன்?

டெல்ஃபா: பாறை இடுக்குல உன் தொப்பை மாட்டின கதைய சொல்லிட்டிருந்த. நடிச்சு வேற காட்டின.

ஓரின்: நல்லா சிரிச்சாங்கல்ல?

டெல்ஃபா: ரொம்ப.

ஓரின்: இப்ப பத்து மைலுக்கு அந்தாண்ட என் ஜீப் பக்கத்துல நின்னு என்னைத் திட்டிட்டிருப்பாங்க. போன்ல சிக்னலும் இல்ல. இரு, நானே திரும்ப நடந்து...

டெல்ஃபா: யூட்டா வெயில்லயா? நடுவழில நீ செத்து வச்சா அந்தக் கதைய யாரு நடிச்சுக் காட்டறது? உக்காரு. ட்ரக் நிழல் இருக்கு, பின்னாடி கேன்ல தண்ணி இருக்கு.

ஓரின்: நீ எப்படி இவ்வளவு நிதானமா இருக்க?

டெல்ஃபா: உலர்ந்த அப்ரிகாட் வேணுமா?

ஓரின்: இதான்! கோடை பூரா நான் எதைக் கேட்டாலும் அப்ரிகாட்டை நீட்டற.

டெல்ஃபா: நீ எதைக் கேட்ட?

ஓரின்: அதான்... ஞாயித்துக்கிழமை ஓஹையோவுக்கு, உன் பொண்ணு வீட்டுக்கு, ஒரேயடியாப் போறியான்னு.

டெல்ஃபா: நீ எப்படிக் கேட்டேன்னு ஞாபகம் இருக்கா? "நீ போயிட்டா என் மீதி சாண்ட்விச்சை யாரு திம்பா?"ன்னு கேட்ட.

ஓரின்: கேட்டேன்ல?

டெல்ஃபா: அதுக்கு முந்தி, அந்த வளைவுப் பாறைக்குக் கீழ... "ஓஹையோல பாறையே கிடையாதாமே, பாவம்"னு சொன்ன.

ஓரின்: அதுவும் கேள்விதான். கொஞ்சம் சுத்தி வந்த கேள்வி.

டெல்ஃபா: ஆறு பள்ளத்தாக்கு சுத்தியாச்சு, ஓரின்.

ஓரின்: ஐயோ, அண்டங்காக்கா! உன் பை ஜிப்பைத் திறக்குது பாரு... ச்சூ! ச்சூ! போடா திருட்டுப் பயலே! இரு, உள்ள எதுனா எடுத்துட்டானான்னு...

டெல்ஃபா: உள்ள கைய விடாத! குடு இப்படி.

ஓரின்: ஏன், உள்ள என்ன இருக்கு?

டெல்ஃபா: பேச்சை மாத்தாத. காக்கா போயிடுச்சு. கேளு.

ஓரின்: என்னத்த...

டெல்ஃபா: தமாஷ் இல்லாம.

ஓரின்: தமாஷ் இல்லாமலா? அறுபத்தெட்டு வயசுல புதுசாப் பழகச் சொல்ற.

டெல்ஃபா: ஓரின்.

ஓரின்: சரி... சரி. என் பொண்டாட்டி ரூத் போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் நாலு வருஷமா என் சமையல்கட்டுல ரெண்டாவது நாற்காலிய இழுத்ததே இல்ல. இப்ப அதுல உன் தொப்பி கிடக்கு. தினம் காலைல அதைப் பார்த்துட்டுத்தான் காப்பி போடறேன். அது... அங்கயே கிடக்கட்டும். போகாத, டெல்ஃபா. அப்ரிகாட்டை மட்டும் நீட்டிடாத.

டெல்ஃபா: போகல. பொண்ணுகிட்ட செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டேன்... இந்தா, ட்ரக்கோட மாத்துச் சாவி. உன் காப்பி டப்பாவுல இருந்த ஜீப் மாத்துச் சாவிய காலைலயே மார்வா கையில குடுத்தாச்சு. நீ மறப்பேன்னு எங்க மூணு பேருக்கும் தெரியும். இந்நேரம் அவங்க ஐஸ்க்ரீம் கடையில உக்காந்து, நீ ஒருவழியா கேட்டியா இல்லையான்னு தெரிஞ்சுக்க நம்ம வழியப் பார்த்துட்டிருப்பாங்க. எந்திரி.