மூச்சை விட்டவனே பிழைத்தான்

இந்த மேடையைத் தன் பொறுமையால் தாங்கியிருக்கும் தலைவர் மங்களேஸ்வரி அம்மையார் அவர்களே! சாரலோடு சாரலாக வந்து அமர்ந்திருக்கும் தென்காசிப் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்திருக்கும் தாய்மார்களே! ஆழ்நீர் மீட்புக் குழுவில் இன்று பெயர் கொடுக்கவிருக்கும் காளையரே, கன்னியரே! கைகூப்புகிறேன்.

எழுத்து என் கைக்கு எட்டவில்லை. ஆனால் கண்ட காட்சி என் கண்ணை விட்டு இறங்கவில்லை. போன ஐப்பசியில், புளியறைப் பக்கம், மழைநீர் நிரம்பிய பழைய கல்குவாரி. என் மருமகன் இசக்கிதுரை முதுகில் காற்று சிலிண்டர் கட்டிப் பயிற்சிக்கு இறங்கினான். துணைக்கு இறங்கியவர் பயிற்சியாளர் சண்முகப்பிரியா. கரையில் என் மகள் உமாராணி, நிறைசூலி. பக்கத்தில் என் மைத்துனன் குத்தாலிங்கம்.

மருமகன் எப்படி இறங்கினான்? காலையில்தான் குற்றாலத்தில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றவன். பாதி எண்ணெய் அருவியோடு போனது. மீதி முகத்தில் மினுங்கியது. என்ன கேட்கிறீர்கள் அண்ணாச்சி? "எண்ண தேய்க்காம அருவிக்கு எதுக்குப் போவணும்?" என்றா? தேயுங்கள், தாராளமாகத் தேயுங்கள்! அன்றைக்கு ஆழத்துக்கு மட்டும் போகாதீர்கள்!

வழுக்கும் முகத்தில் நீருக்குள் மாட்டும் முகக்கண்ணாடி நிற்குமா? அடியில் நழுவியது; நீர் புகுந்தது; நெஞ்சு பதறியது. பதறியவன் என்ன செய்தான்? கிணற்றில் கற்ற முதல் பாடத்தைச் செய்தான். தம் கட்டினான்! தம் கட்டி மேலே உதைத்தான்!

கரைக்கு என்ன தெரியும்? இரண்டு சரமாக வந்த குமிழியில் ஒரு சரம் நின்றது. குத்தாலிங்கம் கைதட்டினான், ஐயா, கைதட்டினான்!

"பாத்தியளா அத்தான், ஒம்ம மருமவன் தம்மை! நம்ம கெணத்துல முங்குன பயல்லா!"

கணவனோடு பயிற்சி வகுப்பில் அமர்ந்து கேட்டவள் உமாராணி. அலறினாள்: "தட்டாதீய மாமா! தம் கட்டுனா நெஞ்சு கிழிஞ்சிரும்! மூச்சை விடணும்!"

"ஏட்டி, மூச்சை விட்டா செத்துல்லா போவான்?"

கிணற்றில் நாம் கொண்டுபோவது மேல்காற்று. சிலிண்டர் தருவதோ ஆழத்தில் அமுங்கிய காற்று. மேலே வர வர அது விரியும்; அடைத்து வைத்தால் நுரையீரலைக் கிழிக்கும். இதை யாருக்குச் சொல்வது? எப்படிச் சொல்வது? தண்ணீருக்குக் காது உண்டா?

என் மகள் ஆக்சிஜன் பெட்டியைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓட வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னாள். நானோ குமிழி நின்றுபோன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடியில் நடந்ததை மருமகன் பிறகு சொன்னான். சண்முகப்பிரியா அவன் தோள்வாரைப் பற்றி இழுத்து நிறுத்தினார். கண்ணெதிரே தன் குமிழியை ஊதிக் காட்டினார். ஊது! ஊது! அவன் ஊதவில்லை. மேல்வயிற்றில் விட்டார் ஒரு குத்து!

குமிழி வந்தது! ஒன்று வந்தது, பத்து வந்தது, உலைநீர் கொதித்தாற்போல் வந்தது! அதன் பின்னால், மெல்ல மெல்ல, அவன் தலை வந்தது. உமாராணி அப்போதுதான் அழுதாள்.

இளைஞர்களே! துணையின்றி இறங்காதீர்! ஆயத்தமில்லாத கரையில் கால் நனைக்காதீர்! தம் கட்டாதீர், தம் கட்டாதீர், தம் கட்டாதீர்! இறந்தவனை 'மூச்சை விட்டான்' என்கிறது நம் ஊர். இனி ஆழ்நீரில் மூச்சை விட்டவன் என்றால், வீடு திரும்பிப் பிள்ளைக்குப் பெயர் வைத்தவன் என்று பொருள் சொல்லுங்கள்!

ஈர மண்ணில் இவ்வளவு நேரம் இருந்து செவி கொடுத்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.