சாப்பிடவா, பூசவா

குழந்தைகளுக்குப் போட்டுவிடும் லிப்ஸ்டிக் கடைசியில் எங்கே போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பெரியவர்கள் உதட்டில் இருப்பது டம்ளரில் ஒட்டும், கைக்குட்டையில் ஒட்டும். குழந்தைகள் உதட்டில் இருப்பது நேராக வயிற்றுக்குப் போகும். பள்ளி ஆண்டு விழாவுக்கு மேக்கப் போடப் போனால், கடைசி வரிசைப் பிள்ளைக்குப் போட்டு முடிப்பதற்குள் முதல் வரிசைப் பிள்ளை நக்கித் தீர்த்துவிட்டு மறுபடி வந்து நிற்கும். பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இது மட்டும் மாறவே இல்லை.

என் பெயர் கலைப்பிரியா. திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியிலேயே பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கணவர் சக்கரபாணி வல்லம் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார். அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் வாயால் சொன்னால் போதும் என்றீர்கள். நான்தான் பேப்பர் கேட்டு வாங்கினேன். வாயால் சொன்னால் நடுவில் அழுகை வந்து சில விஷயங்கள் விட்டுப்போகும்.

எல்லாம் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. போன ஜூலையில் ஒரு நர்சரி பள்ளியில் அம்மாக்கள் கூட்டம் போட்டார்கள். லிப்ஸ்டிக்கில் விஷம் இருக்கிறது என்று யாரோ ஒரு வீடியோவை ஊர் முழுக்க அனுப்பியிருந்தார்கள். அதைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள், பேசினேன். என்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடாத டப்பாவைத் தொடாதீர்கள், திருவிழாக் கடையில் வளையலோடு தொங்குவதை எவ்வளவு அழுதாலும் வாங்கித் தராதீர்கள் என்றேன். வாசனை தூக்கலாக இருந்தால் வேண்டாம். முதலில் முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நிகழ்ச்சி முடிந்த கையோடு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுங்கள், உதட்டுச் சாயத்தோடு சாப்பாட்டில் உட்காரவிடாதீர்கள். அத்தனையும் சரியான யோசனைகள். இன்றைக்குக் கூப்பிட்டாலும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன்.

பேசி முடித்ததும் ஓர் அம்மா எழுந்தார். "அப்ப எதத்தான் வாங்கறதுங்க? நீங்களே செஞ்சு குடுத்துடுங்களேன்," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கிறவளுக்கு யார் கை தட்டியிருக்கிறார்கள்? அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜனவரி ஆண்டு விழாவுக்குள் பிள்ளைகளுக்கென்றே ஒரு லிப்ஸ்டிக் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், பீட்ரூட் சாறு. இவ்வளவுதான் என் திட்டம். பீட்ரூட் காலை வாரிவிட்டது. வீட்டில் பார்த்தால் சிவப்பு, மேடை லைட்டில் பார்த்தால் வெற்றிலை போட்டுத் துப்பிய வாய். மூன்றாம் நாள் புளித்த வாடை வேறு. செம்பருத்தி ஊதாவாகப் போனது. குங்குமம் எண்ணெயில் திப்பிதிப்பியாக நின்றது. அப்போதுதான் செந்தூரம் ஞாபகத்துக்கு வந்தது.

செந்தூரத்தில் இரண்டு உண்டு, மேடம். ஒன்று சித்த வைத்தியர் தேனில் குழைத்து உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து. இன்னொன்று ஆஞ்சநேயர் சிலைக்குச் சாத்துவது, நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். விழுப்புரத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் பச்சைமுத்து அண்ணன், யார் வந்து செந்தூரம் கேட்டாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டி எடுப்பார். என்னையும் கேட்டார். "சாப்புடவா, பூசவாம்மா?"

என் வக்கீல் பிரான்சிஸ் சாருக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போய்விட்டது. "உள்ளுக்குச் சாப்புட்ற செந்தூரம்னு நெனச்சிக்கினு வாங்கிட்டேன்னு சொல்லிடும்மா. ஒரே பேரு, யாருக்கா இருந்தாலும் கொழம்பும். கவனக்குறைவுன்னு முடிச்சிடலாம்," என்கிறார். நல்ல மனிதர், என் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார். ஆனால் நடக்காததை எழுத எனக்குக் கை வராது. நான் குழம்பவில்லை. உதட்டில் வைப்பது பூசவும்தான், சாப்பிடவும்தான். அதை விளக்கிக்கொண்டு நிற்க முடியாதபடி எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். "பூசத்தான்," என்றேன்.

அண்ணன் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "கொழந்தைங்க கைக்கு எட்டாத வெச்சிக்கம்மா. வாய்ல கீய்ல வெச்சிக்கப் போவுதுங்க. ஈயம் அது," என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

ஈயம் என்ன செய்யும் என்று பஸ்ஸிலேயே போனில் படித்துவிட்டேன். விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்குவதற்குள் நிறையப் படிக்கலாம். துளியூண்டு போனாலும் குழந்தைக்குக் கெடுதல் என்றுதான் எல்லாவற்றிலும் போட்டிருந்தது. ஆனால் ஒரு சட்டி மெழுகில் ஒரு சிட்டிகை கலந்தால் எத்தனை நாளில் என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை. பார்லருக்குப் புது க்ரீம் வந்தால்கூட, அட்டையில் போட்டிருப்பதை நான் நம்புவதில்லை. தடவிப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. வீட்டுக்கு வந்து ஒரு சிட்டிகை கலந்து பார்த்தேன். அசல் மாதுளம்பூ நிறம் வந்தது.

இனி பொன்னி. பார்லரைப் பெருக்கித் துடைத்து, டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள். அவள் மாமனார், அவருடைய அப்பா எல்லாரும் எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் ஒன்று சொன்னால் மாட்டேன் என்று சொல்லி அவர்களுக்குப் பழக்கம் இல்லை. புருஷனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால், நாலு வயது மகள் மலர்விழியையும் கூடவே அழைத்து வருவாள். வேலை செய்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வராதே என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மற்ற முதலாளிகள் சொல்லியிருப்பார்கள்.

குழந்தைகள் பொருளைக் குழந்தையிடம்தான் பார்க்க முடியும். முழங்கையில் தடவினால் தோலைப் பற்றித் தெரியும், வயிற்றைப் பற்றி எப்படித் தெரியும்? ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு முறை. கூப்பிடக்கூட வேண்டியதில்லை. "ஆன்ட்டி, எனக்கு," என்று உதட்டைக் குவித்துக்கொண்டு தானாக வந்து நிற்கும். கண்ணாடியில் பார்க்கும், நக்கும், சிரிக்கும். எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடிக்கும். இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு பள்ளிக்கூட நோட்டில் தினமும் எழுதிவந்தேன். அது இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. பதினெட்டாம் நாள் வயிற்றுவலி. "பச்ச மல்லாட்டைய தின்னுட்டாக்கா," என்றாள் பொன்னி, அதையும் எழுதியிருக்கிறேன். ஒரு மாதத்துக்குப் பிறகு வெளிக்குச் சரியாகப் போகவில்லை. அக்டோபரில் சோற்றுத் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பியது. ஞாயிறு, திங்கள் என்று கிழமைகளை ஒரே மூச்சில் ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை, புதனோடு நின்றது. புதனுக்கு அப்புறம் என்ன என்று மூன்று நாள் கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. சிட்டிகையைப் பாதியாகக் குறைத்துக் கலந்தேன், அந்தத் தேதியும் நோட்டில் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் அச்சடித்த லேபிள்கள் வந்தன. "மிருகங்கள் மீது சோதிக்கப்படவில்லை" என்று பச்சை எழுத்தில் போடச் சொல்லியிருந்தேன். வெளிநாட்டு டப்பாக்களில் அப்படிப் போட்டிருப்பார்கள், அம்மாக்கள் அதை விரும்புவார்கள். பொன்னி ஒட்டிக்கொண்டே அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஆடு மாட்டுக்குக்கூட பாவம் பாக்கறீங்களே, நல்ல மனசுக்கா உங்களுக்கு," என்றாள். அது உண்மையான வாசகம். எந்த மிருகத்தின் மீதும் நான் சோதிக்கவில்லை.

விழுப்புரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் அவர்கள் இருவரையும் அழைத்துப்போனது நான்தான். முதல் தடவை பூச்சி மாத்திரை கொடுத்தார். இரண்டாம் தடவை இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். "வீட்ல பழைய பேட்டரி, பெயின்ட், நாட்டு மருந்து, இந்த மாதிரி எதுனா வாய்க்குப் போவுதாம்மா?" என்று கேட்டார். பொன்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள். படித்தவர்களிடம் பதில் சொல்வது எப்போதும் நான்தான். "இல்லைங்க டாக்டர்," என்றேன். பேட்டரி இல்லை, பெயின்ட் இல்லை, மருந்தும் இல்லை. பூசுவதைப் பற்றி அவர் கேட்கவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஆறு நாள் ஆகும் என்றார்கள்.

அந்த ஆறு நாளாவது நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தக்கூடாது, மேடம். நிறுத்திய பிறகு பிள்ளை தேறினால் எதனால் தேறியது என்று எப்படிச் சொல்வீர்கள்? மாத்திரை கேட்டது என்றும் சொல்லலாம் அல்லவா? ஐந்தாம் நாள் மதியம் போட்டுவிட்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன், அப்போது பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஆட்டோவில் போகும்போது என் மடியில்தான் கிடந்தது, என் புடவையெல்லாம் வாந்தி. இப்போது புதுச்சேரியில் சேர்த்திருக்கிறார்கள். கண் திறக்கிறது, அம்மாவை அடையாளம் தெரியவில்லை என்கிறார்கள். இனிமேல் தெரியுமா என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லையாம். நான் அழுதேன், அதைப் பார்த்த போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துவந்த டப்பாக்கள் அத்தனையிலும் வெறும் பீட்ரூட்தான். வலிப்பு வந்த அன்று மாலையே செந்தூரக் கலவையைக் கொட்டிப் புதைத்துவிட்டு, நிறம் மங்கலானாலும் பரவாயில்லை என்று புதிதாகக் காய்ச்சினேன். இடத்தைக் காட்டுகிறேன், தோண்டிப் பாருங்கள். செந்தூரம் கலந்த ஒரு டப்பாகூட வெளியே போகவில்லை. அந்தப் பள்ளியில் இருநூறு பிள்ளைகள் படிக்கிறார்கள், ஒன்றின் தலைமுடிகூட உதிரவில்லை. ஆண்டு விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பரிசோதித்துவிட்டு அனுப்பிவிடுங்கள், அம்மாக்கள் காத்திருப்பார்கள்.

நேற்று பொன்னி இங்கே வந்தபோது நீங்களும் கூட நின்றீர்கள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே வந்திருந்தாள், தலைகூட வாரவில்லை. "யக்கா, எம் பொண்ணுக்கு போட்டுவுடறப்ப உங்க பாப்பா இருந்துச்சின்னா, அத உள்ள அனுப்பிட்டு கதவ சாத்திடுவீங்களே. அது ஏங்க்கா?" என்று மட்டும் கேட்டாள். நீங்கள் அதைக் குறித்துக்கொண்டதைக் கவனித்தேன். பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கும் லிப்ஸ்டிக் என்றால் ஆசை. மலர்விழிக்குப் போடுவதைப் பார்த்தால் தனக்கும் வேண்டும் என்று அடம்பிடிப்பாள், அவள் அழுதால் நான் இளகிவிடுவேன். அதனால் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, டப்பாவின் மூடியைத் திறப்பதற்கு முன்பே, அவளை உள்ளே அனுப்பிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட மறந்ததில்லை. ஆகவே பிரான்சிஸ் சார் வந்து கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தால் தயவுசெய்து வாங்கிக்கொள்ளாதீர்கள். குழந்தை விஷயத்தில் நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.