ஒரு பக்கம் பாடாத வாக்மேன்

பாகூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவரின் மகள், பத்து வயதிருக்கும், ஜன்னலோரம் வெளியே பார்த்தபடி இருந்தாள். எனக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அந்தப் பேச்சு இன்னும் என் மனதைவிட்டுப் போகவில்லை.

“இன்னாப்பா, பிரான்சு மச்சான் குடுத்த வாக்மேன் எப்டி கீது?” என்று நண்பர் கேட்டார்.

“அதாலதாம்பா ஆசுபத்திரிக்கிப் போறோம்.”

“பாட்டு கேட்டா ஆசுபத்திரியா?” நண்பர் சிரித்தார்.

“சவுண்டு எப்டின்னு வூட்ல ஆளாளுக்கு மாட்டிப் பாத்தோம். எல்லாரும் பிரமாதம்னாங்க. இவ மட்டும் ஒரு பக்கம் பாடலன்னா. ஓட்ட சாமான எங்க தலைல கட்டிட்டியேன்னு மச்சான கண்டபடி பேசிட்டேன். அவன் வாங்கி மாட்டிப் பாத்தான், ரெண்டு பக்கமும் பாடுது. இவளுக்குப் பக்கத்த மாத்தி மாட்டினான். அப்பவும் இடது காதுல பாட்டு வரலன்றா.”

நண்பரின் சிரிப்பு நின்றுவிட்டது. “பொறந்ததுலேர்ந்தேவா?”

“யாருக்குத் தெரியும்? கூப்டா திரும்ப மாட்டா. திமிருன்னு நெனச்சி எத்தினி வாட்டி அடிச்சிகீறேன். இவளும் சொன்னதில்ல. எல்லாருக்கும் ஒரு காதுதான் கேக்கும்னு நெனச்சிகினு இருந்தாளாம்.”

“மெதுவா பேசுப்பா, புள்ளைக்குக் கேக்கப் போவுது.”

“கேக்காது. நான் அவளுக்கு இடது பக்கந்தான் உக்காந்துகினு கீறேன்.”