பல்போட அடியில ரெண்டு வயர்

பல்பு எரியல. வயர்தான் சுட்டுச்சு. பின் பெஞ்சுல உக்காந்து நீங்களே பாத்தீங்க. ரிப்போர்ட்ல எழுதுறதா இருந்தா கெடுத்தது நான்னு எழுதுங்க. டீச்சர் தலையில கட்டாதீங்க.

உக்காருங்க சார். ஸ்டூல் ஆடும், விழாது.

ஆமா, பேப்பர்ல அறிவியல் எழுதுறவன்தான். முடி கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து. இந்த வேலைக்கு எப்படி வர்றதுன்னு பசங்களுக்குச் சொல்லத்தான் டீச்சர் கூப்பிட்டாங்க. சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிருக்கணும். கிளம்பினேனா? மின்சாரப் பாடத்தையும் நானே காட்டுறேன்னு பேட்டரியப் புடுங்கிக்கிட்டேன்.

ஐயோ, அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் நீங்க வர்ற நாள், இன்னைக்குப் பாடம் நல்லாப் போனாத்தான் வேலை நிரந்தரமாகும்னாங்க. அதான் உதவலாம்னு... சிரிக்காதீங்க.

எப்படித் தப்பாச்சா? எங்க பேப்பர்ல மின்சாரக் கட்டுரைன்னா எப்பவும் ஒரே படம்தான். பேட்டரியிலேர்ந்து ரெண்டு வயர், ரெண்டும் பல்போட அடிக்குப் போகும். பாக்க அழகா இருக்கட்டும்னு ஓவியர் போட்டது. சரின்னு தலையாட்டினவன் நான். இன்னைக்கு அந்தப் படத்தை நம்பி மாட்டினேன். ஒரு வயர் அடியில, இன்னொண்ணு பல்போட பக்கவாட்டுல இருக்குற திருகு மரையில தொடணுமாம். பல்பைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதிருக்கேன். கையில எடுத்துத் திருப்பிப் பாத்ததில்ல.

முன் பெஞ்சுப் பொண்ணு கேட்டுச்சே, தெரியாம எழுதினாலும் சம்பளம் தருவாங்களான்னு. தந்தாங்கம்மான்னேன். வேற என்ன சொல்ல?

ஆனா டீச்சரைப் பாத்தீங்கல்ல? என் கையிலேர்ந்து வாங்கிச் சரி பண்ணல. வயர் ஏன் சுட்டுச்சு, பல்புக்குள்ள போகாம மின்சாரம் எந்த வழியாப் போச்சுன்னு பசங்களைத்தான் கேட்டாங்க. அதுங்க பல்பை உருட்டி உருட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சிருச்சுங்க. அத்தனை மேசையிலயும் எரிஞ்சுது. நான் ஒருத்தன் விரலை ஊதிக்கிட்டு நின்னேன்.

என்ன? நான் கையைச் சுட்டுக்கிட்டப்ப டீச்சர் கத்தினது கேட்டுச்சா? 'விடுங்க மாமா'ன்னு?

பாம்புக் காது சார் உங்களுக்கு. சொல்லக் கூடாதுன்னு காலையில வீட்டுலயே சத்தியம் வாங்கிட்டா. சிபாரிசுக்கு ஆள் கூட்டிட்டு வந்ததா நினைச்சிடுவீங்களாம். நான் பண்ணின சிபாரிசைத்தான் பாத்தீங்களே. எழுதிக்குங்க. கெடுத்தது மாமனார். சரி பண்ணினது என் மருமக.